பழைய வண்டியும் புதிய பூச்சும்

தேய்ந்துபோன பழைய காருக்குக் குறைந்த செலவில் வண்ணம் பூச வேண்டும் என்று கேட்டால் நம் ஊர்களில் பெரும்பாலும் ஒரே விடைதான் கிடைக்கிறது. முழு வண்டியையும் பூசிவிடுங்கள். சாமான்களில் கொஞ்சம் பிடித்துக்கொள்ளலாம், வேலையில் கொஞ்சம் பிடித்துக்கொள்ளலாம் என்பார்கள். இந்த விடையை நாம் ஏற்கவில்லை. பணம் குறைவாக இருந்தால் பூசும் பரப்பைக் குறைக்க வேண்டும். பூச்சுக்கு முன்னர்ச் செய்ய வேண்டிய பணிகளில் ஒன்றைக்கூடக் குறைக்கலாகாது. இக்கட்டுரை சொல்ல வருவது இவ்வளவே.

இலக்கியம் பேசும் நண்பர்களுக்கு இது பட்டறைப் பேச்சாகத் தோன்றலாம். ஆயினும், பழையதில் எதைப் புதுப்பிப்பது, எதைத் தொடாமல் விடுவது, புதுப்பித்த இடத்தை மறைப்பதா காட்டுவதா என்னும் வினாக்கள் சுவடிக்கும் கோயிலுக்கும் உரியன போலவே வாசலில் நிற்கும் வண்டிக்கும் உரியன. சுவடியைப் பற்றி நாம் நிறையவே பேசியிருக்கிறோம். வண்டியைப் பற்றியும் ஒருமுறை பேசிப் பார்ப்பதில் தவறில்லை.

எடுத்துக்காட்டாக அம்பாசிடரையே கொள்வோம். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரை அடியொற்றி, கொல்கத்தாவுக்கு அருகிலுள்ள உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் இதனைத் தயாரித்தது. 1957இல் தொடங்கிய உற்பத்தி 2014 மே மாதத்தில் நின்றது. இடைப்பட்ட அரை நூற்றாண்டுக்கும் மேலான காலத்தில் முகப்புக் கம்பிகளும் விளக்குகளும் எஞ்சினும் மாறினவேயன்றி, வளைந்த கூரையும் உப்பிய பக்கங்களும் கொண்ட அந்த உடல் பெரிதும் மாறவில்லை. அமைச்சரும் ஏறினார், பிரசவ வலி கண்ட பெண்ணும் ஏறினாள். இன்று எஞ்சியிருக்கும் அம்பாசிடர்களில் சில செல்வர்களின் கொட்டகைகளில் கண்ணாடிபோல் மின்னுகின்றன. அவற்றைப் பற்றி நமக்குக் கவலையில்லை. ஓய்வுபெற்ற ஓட்டுநர்கள், ஆசிரியர்கள், சிறு கடைக்காரர்கள் ஆகியோரின் வீட்டோரத்தில் தார்ப்பாய் போர்த்தி நிற்கின்றனவே, அவற்றைப் பற்றியே பேசுகிறோம்.

காரின் வண்ணம் இரண்டு வழிகளில் கெடுகிறது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதே வீண்செலவுக்கு முதற்காரணம். முதல் வழி, வெயிலால் வருவது. வண்ணத்தூளைப் பற்றிப் பிடித்திருக்கும் பிசின் சூரிய ஒளியில் சிதைகிறது. பிடிமானம் இழந்த தூள் மேற்பரப்பில் சுண்ணாம்புபோல் படிகிறது. கையால் தடவினால் ஒட்டிக்கொள்ளும். கூரையும் பானெட்டும் இவ்வாறே முதலில் வெளிறுகின்றன. பார்வைக்கு மிக மோசமாகத் தெரிவது இதுதான். ஆனால் உண்மையில் இது மேலோட்டமான நோய். ரப்பிங் காம்பவுண்டும் பழந்துணியும் ஒரு நாள் உழைப்பும் இருந்தால், இறந்த மேலடுக்கு நீங்கிக் கீழே பழைய நிறம் வெளிப்படும். அடுக்கு மிக மெல்லியதாகத் தேய்ந்திருந்தால் மட்டுமே இவ்வழி பயன்படாது.

இரண்டாவது வழி, துரு. இது கீழிருந்து வருகிறது. இரும்பும் நீரும் காற்றும் சேர்ந்து உருவாகும் துரு, தான் தின்ற இரும்பைவிடப் பன்மடங்கு இடத்தை அடைப்பது. எனவே மேலுள்ள வண்ணத்தை நெம்பி மேலே தூக்குகிறது. வெளியே நாம் காண்பது ஒரு சிறு கொப்புளம். உள்ளே அது எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதைச் சுரண்டிப் பார்த்தால்தான் அறியலாம். கதவுகளின் அடிவிளிம்பு, வாசற்படியின் கீழ்ப்பெட்டி, மட்கார்டின் பின்மூலை, டிக்கியின் தரை, கண்ணாடி பீடிங்கின் அடிப்பகுதி ஆகியன நீரும் சேறும் தங்கும் இடங்கள். கதவின் அடியில் நீர் வடிவதற்கென்றே சிறு துளைகள் உண்டு. பல ஆண்டுச் சேறு அவற்றை அடைத்துவிட்டால், ஒவ்வொரு மழையிலும் கதவு ஒரு தொட்டியாகிவிடுகிறது. கடலோர ஊர்களில் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்கிறது.

ஆக, கண்ணை உறுத்தும் வெளிறல் வண்டியைக் கொல்வதில்லை. கண்ணுக்குத் தெரியாத துருவே கொல்கிறது. குறைந்த பணத்தில் முழு வண்டியையும் பூசும் முறையோ இதற்கு நேர்மாறாகச் செலவிடுகிறது. கூரைக்கும் பானெட்டுக்கும் வண்ணம் வாங்கிவிட்டுக் கதவடித் துருவின்மேல் பட்டி போட்டு மூடுகிறது. பட்டி நீரை உறிஞ்சக்கூடிய பொருள். பின்புறம் துருவும் ஈரமும் இருக்க, முன்புறம் பளபளப்பு இருக்க, நடுவில் பட்டி எத்தனை நாள் நிற்கும்? அடுத்த கார்த்திகைக்குள் கொப்புளம், அதற்கடுத்த கார்த்திகைக்குள் ஓட்டை.

இதை நாம் நூலறிவால் மட்டும் சொல்லவில்லை. எங்கள் குடும்பத்தில் ஓர் அம்பாசிடர் இருக்கிறது; 1978ஆம் ஆண்டின் மார்க் 3. வாடகைக் கார் ஓட்டிய எங்கள் தந்தையார் அதனை இரண்டாம் கையாக வாங்கினார். அண்ணனும் நாமும் படித்தது அந்த வண்டியின் வருமானத்தில்தான். பிற்காலத்தில் அதைச் சொந்த உபயோக வண்டியாக மாற்றிப் பதிவு செய்துகொண்டார். அவர் மறைந்த பின் அது நின்றது. அண்ணன் மகளின் திருமணத்திற்கு முன்பாக வண்ணம் பூசிவிட வேண்டும் என்று அண்ணன் விரும்பினார். எங்களால் ஒதுக்க முடிந்த தொகை 40,000 ரூபாய். நாங்கள் அணுகிய பெயிண்டர் முப்பது ஆண்டு அனுபவம் உள்ளவர். வண்டியை இருமுறை சுற்றி வந்தார். கதவடியை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். பிறகு சொன்னார்:

“முழு வண்டியும் இந்தக் காசுல முடிச்சுத் தரேன் சார். ஆனா துருவ முழுசாச் சுரண்ட மாட்டேன். மேலாப்புல தேச்சுட்டுப் பட்டி இழுத்துருவேன். பீடிங்கைக் கழட்ட மாட்டேன், டேப் ஒட்டி அடிச்சுருவேன். ரெண்டு மழை தாங்கும். மூணாவது மழைக்கு நீங்களே என்னைத் தேடி வருவீங்க.”

“இதே காசுக்குக் கீழ்ப்பாதி மட்டும் சரியாகச் செய்யலாமா அண்ணே?” என்று கேட்டோம். அவர் முகம் மலர்ந்ததை இங்கே பதிவு செய்யத்தான் வேண்டும். “அப்படி யாரும் கேக்கறதில்ல சார்” என்றார்.

ஏன் கேட்பதில்லை என்பதே சிந்திக்க வேண்டியது. நேர்மையாக வேலை செய்யத் தெரிந்தவர்கள் நம் பட்டறைகளில் இருக்கிறார்கள். நாம் கேட்பது பளபளப்பை. அவர்கள் தருவதும் அதையே. பிறகு மூன்றாவது மழையில் ‘ஏமாற்றிவிட்டான்’ என்கிறோம்.

அந்த 40,000 ரூபாய் எவ்வாறு செலவாயிற்று என்பதைச் சொல்வது பயன்படும். உளுத்த தகட்டை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைக்கும் டிங்கர் வேலைக்கு 14,000. துரு நீக்கவும் தேய்க்கவும் பூசவும் கூலி 9,000. பிரைமர், பட்டி, வண்ணம், தின்னர், தாள், டேப் எல்லாம் சேர்ந்து 8,500. புதிய பீடிங் ரப்பருக்கு 4,000. வண்டியின் அடிவயிற்றுக்குத் துருத் தடுப்புப் பூச்சு 2,500. முகமூடிக்கும் அதன் வடிகட்டிகளுக்கும் 2,000. இதில் கண்ணுக்குத் தெரியும் மேல்வண்ணத்தின் விலை 3,000 ரூபாயைத் தாண்டவில்லை. மற்றதெல்லாம் எவர் கண்ணுக்கும் படாதது. ஊருக்கு ஊர் கூலியும் விலையும் மாறும். இந்த விகிதம் அதிகம் மாறாது.

பூசிய பகுதிக்கும் பூசாத பகுதிக்கும் இடையே நிறம் வேறுபடாதா என்பார்கள். சற்று வேறுபடும். அதைக் குறைக்கச் செலவில்லாத வழிகள் உண்டு. ஒன்று, தகட்டின் நடுவில் எங்கேயும் பூச்சை நிறுத்தக்கூடாது. கதவென்றால் முழுக் கதவு, மட்கார்டு என்றால் முழு மட்கார்டு. நிற வேறுபாடு இணைப்புக் கோட்டில் விழுந்தால் கண் அதனைப் பொருட்படுத்துவதில்லை. தகட்டின் நடுவில் விழுந்தால் மன்னிப்பதில்லை. இரண்டு, முதலில் பழைய பகுதியைத் தேய்த்து உயிர்ப்பித்த பின்னரே நிறம் கலக்க வேண்டும். பீடிங்கின் அடியில் வெயில் படாத இடத்தில் ஆலையிலிருந்து வந்த நிறம் இருக்கும். அதனை மாதிரியாகக் கொண்டால், அது சரியான நிறமே ஆனாலும், பக்கத்துத் தகட்டோடு சேராது. நாற்பதாண்டு வெயில் பட்ட நிறத்தோடுதான் புதுநிறம் இசைய வேண்டும். மூன்று, உலோகத்தூள் கலந்த மெட்டாலிக் நிறங்களை நாடாமல் பழைய வண்டிக்குரிய ஒரேசீரான நிறத்திலேயே நிற்க வேண்டும். மெட்டாலிக் நிறத்தில் துகள் படியும் கோணம் மாறினாலே நிறம் மாறித் தோன்றும்; ஒட்டுவேலைக்கு அது ஒவ்வாது.

பழைய பூச்சு எவ்வகையைச் சேர்ந்தது என்பதை அறியாமல் புதிதைப் பூசுவதும் பெருந்தவறு. நம் பட்டறைகளில் இன்றும் எல்லா ஸ்பிரே வேலையையும் ‘ட்யூகோ’ என்றே சொல்கிறார்கள். அது அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனம் 1923ஆம் ஆண்டளவில் கொண்டுவந்த நைட்ரோசெல்லுலோஸ் வண்ணத்தின் வணிகப்பெயர். அதற்கு முன் தூரிகையால் அடுக்கடுக்காக வார்னிஷ் பூசி வாரக்கணக்கில் காயவிட்ட வேலையை அது சில நாட்களுக்குள் சுருக்கியது. பொருள் மாறிய பின்னும் பெயர் நம் நாவில் தங்கிவிட்டது. மொழியில் இது இயல்பு. ஆனால் பெயரை நம்பிப் பொருளைக் கலந்துவிடக்கூடாது. பழைய சிந்தெடிக் எனாமலின் மேல் இந்த நைட்ரோசெல்லுலோஸ் வண்ணத்தை அடித்தால், அதன் காரமான தின்னர் அடியிலுள்ள எனாமலைச் சுருக்கிக் கிளப்பிவிடும். எனவே மறைவான ஓரிடத்தில் தின்னர் நனைத்த துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும். வண்ணம் கரைந்து துணியில் வந்தால் அது ட்யூகோ வகை. சுருங்கினால் எனாமல். இரண்டும் நிகழாவிட்டால் நன்கு இறுகிய ஆலைப்பூச்சு அல்லது ஹார்டனர் சேர்த்த வண்ணம். ஒரு துணித்துண்டின் செலவில் முடியும் இச்சோதனை முழு வேலையையும் காப்பாற்றும்.

வெற்றுத் தகட்டின்மேல் எப்பாக்ஸி பிரைமர் பூசுவது நல்லது. அது தகட்டை இறுகப் பற்றி நீரைத் தடுக்கிறது. சாதாரண பிரைமருக்கு நுண்துளைகள் உண்டு. ‘இப்போது பிரைமர் அடித்துவிடுவோம், பணம் சேர்ந்ததும் வண்ணம்’ என்று மாதக்கணக்கில் மழையில் நிறுத்தப்படும் வண்டிகள் அந்தத் துளைகளின் வழியே மீண்டும் துருவேறுகின்றன. பகுதி பகுதியாக வேலையைச் செய்வது நன்று. ஆனால் எடுத்துக்கொண்ட பகுதியை மேல்வண்ணம் வரை முடித்துவிட வேண்டும். நாம் பரப்பைக் குறைக்கச் சொல்வதன் பொருள் அதுவே.

காலத் தேர்வுக்கும் செலவில்லை. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் ஸ்பிரே அடித்தால், தின்னர் விரைந்து ஆவியாகும்போது குளிரும் பரப்பில் காற்றின் ஈரம் படிந்து வண்ணம் வெண்புகை படர்ந்தாற்போல் மங்கும். ஆடிக் காற்றில் அடித்தால் தெருப்புழுதி முழுதும் வண்டிமேல்தான். திறந்த கொட்டகையில் வேலை செய்யும் சிறு பட்டறைக்குத் தையும் மாசியுமே உகந்தவை. வாடகைக்கு அடைப்பறை எடுக்க முடியாதவன் பருவத்திற்குக் காத்திருக்கலாம்.

இனி, குறைந்த செலவு என்று நாம் சொல்லும்போது அதன் மிச்சத்தை யார் ஏற்கிறார் என்ற கேள்விக்கு வருவோம். இதனைப் பேசாமல் வண்ணத்தைப் பற்றி மட்டும் பேசுவது முறையாகாது. இன்று பட்டறைகளில் பெரிதும் பரவியிருக்கும் இரட்டைக் கலவைப் பி.யூ. வண்ணம் நீடித்து நிற்பது, மின்னுவது. அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் என்னும் வேதிப்பொருள் உள்ளது. ஸ்பிரே மூடுபனியோடு அதனைச் சுவாசிப்பவருக்கு ஆஸ்துமா வரக்கூடும். ஒருமுறை உடல் அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால் பிறகு சிற்றளவு பட்டாலும் மூச்சு முட்டும். அதற்கு வெளியிலிருந்து தூய காற்றைக் குழாய்வழிக் கொண்டுவரும் முகமூடியே தக்க காப்பு. நம் பட்டறைகளில் பெயிண்டர் மூக்கில் கட்டியிருப்பது கைக்குட்டை. அது தூசியைக்கூடச் சரியாகத் தடுக்காது.

பழைய வண்ணங்களில் ஈயம் இருக்கக்கூடும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வீட்டு வண்ணங்களில் ஈயத்தைப் பத்து லட்சத்தில் 90 பங்குக்குள் கட்டுப்படுத்தும் விதி இந்தியாவில் 2016இல்தான் வந்தது. அது வண்டி வண்ணத்துக்கானதன்று. நாம் சுரண்டும் பூச்சோ அதற்கும் பல பத்தாண்டு முந்தையது. எனவே பழைய வண்ணத்தைத் தண்ணீர் விட்டு வாட்டர் பேப்பரால்தான் தேய்க்க வேண்டும். உலர்ந்த தூளாகப் பறக்கவிட்டால் பெயிண்டரின் நெஞ்சுக்குள்ளும், பட்டறை வாசலில் விளையாடும் பிள்ளையின் கைக்கும் அது போகும். பட்டிக்குத் தண்ணீர் ஆகாது. அதை உலர்வாகவே தேய்க்க வேண்டும். அங்கே முகமூடி கட்டாயம்.

ஆகவே நாங்கள் ஹார்டனர் கலந்த வண்ணத்தை வேண்டாம் என்று சொல்லி எனாமலைத் தேர்ந்தோம். அதன் ஆயுள் குறைவு, காய நேரம் அதிகம். தின்னர் ஆவியும் நல்லதன்று. எனவே அதற்குரிய வடிகட்டி வைத்த முகமூடியை எங்கள் செலவிலேயே வாங்கிக் கொடுத்தோம். தக்க முகமூடிக்கு வழியில்லாத பட்டறையில் பி.யூ. அடிக்கச் சொல்லும் உரிமை வண்டிக்காரருக்கு இல்லை என்பது நம் உறுதியான கருத்து. அந்த மினுக்கத்தின் விலையை இன்னொருவர் மூச்சால் கட்டுகிறார்.

இனி அண்ணனின் தரப்புக்கு வருவோம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. “அப்பா வண்டிய அரைகுறையா நிறுத்துனா பாக்கறவங்க என்ன நெனைப்பாங்க?” என்றார். வாடகைக் கார் ஓட்டுநரின் பிள்ளைகளுக்கு இந்தக் கேள்வி எவ்வளவு வலிக்கும் என்பதை நாம் அறிவோம். நாள்தோறும் விடியற்காலையில் வண்டியைத் துடைத்த மனிதர் எங்கள் தந்தையார். அழுக்கு வண்டியில் சவாரி ஏறாது என்பது அவர் வாழ்ந்த பாடம். எனவே வண்ணம் பூசும் ஆசையை வெறும் பகட்டு என்று தள்ளிவிட முடியாது. ஏழையின் வண்டி பளபளப்பது அவன் மானத்தின் பகுதி.

ஆனால் அவர் வண்டியைத் துடைத்த விதத்தையும் நாம் அறிவோம். மேலே துடைக்குமுன் கதவடித் துளைகளைத் துடைப்பக்குச்சியால் குத்திவிடுவார். மிதியடியைத் தூக்கித் தரையை உலர்த்துவார். பளபளப்பு அவருக்குக் கடைசி வேலை. அவர் பெயரைச் சொல்லித் துருவின்மேல் பட்டி இழுப்பது அவருக்கு ஏற்புடையதாக இருந்திராது.

இன்னொன்றும் உண்டு. ஓட்டுநர் பக்கக் கதவின் சன்னல் விளிம்பில், வலது முழங்கை படும் இடத்தில், மேல்வண்ணம் ஒரு சாண் நீளத்திற்குத் தேய்ந்து அடிப்பூச்சு தெரிகிறது. ஆண்டுக்கணக்கில் ஒரே கை ஊன்றிய இடம். முழு வண்டியையும் பூசினால் முதல் நாளே எமரித் தாளின்கீழ் அது போய்விடும். அந்தக் கதவின் அடி உறுதியாக இருந்தது. தட்டிப் பார்த்துப் பெயிண்டரே சொன்னார். எனவே அதனைப் பூசவில்லை. துரு பிடிக்காதிருக்க அந்த இடத்தில் மெழுகு மட்டும் தேய்த்து வருகிறோம். உறுதியாக இருக்கும் பழம்பூச்சை விட்டுவைக்கலாம் என்னும் கணக்கு, பணத்தை மிச்சப்படுத்துவதோடு இதனையும் மிச்சப்படுத்தித் தந்தது.

பதிப்புத்துறையில் பழகியவர்களுக்கு இந்த நெறி புதிதன்று. 1894இல் உ.வே.சாமிநாதையர் புறநானூற்றை அச்சேற்றியபோது, சிதைந்த இடங்களைத் தம் புலமையால் நிரப்பிவிடாமல் சிதைவாகவே காட்டினார். அவரால் நிரப்ப முடியாது என்றா சொல்ல முடியும்? கிடைக்காமற்போன 267, 268ஆம் பாடல்களின் எண்கள் இன்றும் வெறுமையாகவே நிற்கின்றன. அவர் தம் உழைப்பைச் செலவிட்டது ஏடு தேடுவதிலும் பாடம் ஒப்பிடுவதிலும். படிப்பவர் கண்ணுக்குப் படாத அடிவேலை அது. மறுபுறம், கருங்கல் கோயில்களைத் தூய்மை செய்கிறோம் என்று மணலை வீசியடித்துக் கல்வெட்டெழுத்துகளையும் சிற்பங்களின் கூர்மையையும் மழுங்கடித்த கதையும் நம் நாட்டில்தான் நடந்தது. மெல்லிய கார்த் தகட்டில் கவனமின்றி மணல் வீச்சு செய்தாலும் தகடு நெளிந்துவிடும். இரண்டும் ஒரே அவசரத்தின் விளைவுகள்.

பழைய வண்டிகளைப் பேணுவோரின் உலக அமைப்பான ஃபீவாவும் தன் டூரின் சாசனத்தில், பேணுதல், பாதுகாத்தல், சீரமைத்தல் ஆகியவற்றை வேறுபடுத்தி, கூடியவரை குறைவாகத் தொடுவதையே முதன்மைப்படுத்துகிறது. கட்டடங்களுக்காக 1964இல் உருவான வெனிஸ் சாசனத்தின் வழிவந்தது அது. செல்வர்களின் அரங்கில் இது பெருந்தன்மையாகப் போற்றப்படுகிறது. கையில் 40,000 ரூபாய் உள்ளவனுக்கு இதுவே சிக்கனமாகவும் அமைந்திருப்பதை யாரும் அவனுக்குச் சொல்வதில்லை.

சட்டமும் ஒருவகையில் இதே திசையைக் காட்டுகிறது. 2021இல் வந்த மத்திய விதிகளின்படி, முதற்பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்து, சேஸிஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெருமாற்றம் இன்றி மூல வடிவில் பேணப்பட்ட வண்டியே ‘விண்டேஜ்’ எனப்படும். எங்கள் வண்டி 2028இல் அந்த வயதை எட்டும். வண்ணம் வெளிறியிருப்பதால் அதற்கு ஒரு குறையும் வராது. உடற்கூட்டைத் துரு தின்றுவிட்டால் பேணுவதற்கு ஒன்றும் இருக்காது. அதுவரை பதிவைப் புதுப்பிக்கும் செலவு வேறு. 15 ஆண்டு கடந்த காருக்கான கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆயிற்று. 20 ஆண்டு கடந்தவற்றுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கப்பட்டது. தகுதிச் சோதனையில் பார்க்கப்படுவதும் மினுக்கமன்று, வண்டியின் உறுதி. நிறத்தையே மாற்ற விரும்புவோர், பதிவுச் சான்றிதழில் குறித்துள்ள நிறத்தையும் மாற்றிப் பதிய வேண்டும் என்பதையும் நினைவில் கொள்வது நல்லது. பழைய நிறத்திலேயே நிற்பவருக்கு அந்த அலைச்சலும் இல்லை.

முழு வண்டியையும் பூசவே கூடாது என்று நாம் வாதிடவில்லை. முன்பே யாரோ அரைகுறையாகப் பூசிய அடுக்குகள் செதில் செதிலாக உதிரும் வண்டிக்கு, அனைத்தையும் நீக்கித் தகட்டிலிருந்து தொடங்குவதைத் தவிர வழியில்லை. பழம்பூச்சு எங்கும் உறுதியாக இல்லையென்றால் விட்டுவைக்க எதுவும் இல்லை. அத்தகைய வண்டிக்குப் பணம் சேரும்வரை காத்திருப்பதே தக்கது. காத்திருக்கும் காலத்தில் செய்ய வேண்டியவை உண்டு: கதவுத் துளைகளைத் திறந்துவிடுவது, மிதியடிகளை எடுத்துவிட்டுத் தரையை உலர்த்துவது, காற்றோட்டமில்லாத தார்ப்பாயால் மூடாமல் கூரையின்கீழ் நிறுத்துவது. இவற்றுக்கெல்லாம் காசு தேவையில்லை.

அண்ணனை முழுதும் இணங்கவைத்துவிட்டோம் என்று சொல்ல முடியாது. கூரைக்கும் பூசியிருக்கலாம் என்று இன்றும் சொல்கிறார். அவர் சொல்வதைக் கேட்டுக்கொள்கிறோம். அடுத்த தை மாதத்திற்கென்று ஒரு சிறு தொகை சேர்ந்துகொண்டிருக்கிறது. முதலில் பின்சக்கரத்தின் உள்வளைவு, மிச்சம் இருந்தால் கூரை என்பது பெயிண்டரின் வரிசை. நண்பர்களில் எவரேனும் தம் வீட்டுப் பழைய வண்டியைப் பட்டறைக்கு ஓட்டிச் செல்லும் எண்ணத்தில் இருந்தால், ‘முழுசுக்கும் எவ்வளவு ஆகும்’ என்று தொடங்க வேண்டாம். கையில் இருக்கும் தொகையைச் சொல்லி, இதில் எதைக் குறைவின்றிச் செய்து முடிக்க முடியும் என்று கேளுங்கள். நல்ல பெயிண்டராக இருந்தால் வண்ண அட்டையை எடுக்கமாட்டார். குனிந்து கதவடியைத் தட்டிப் பார்ப்பார்.